உப்புக்குழி

ஐம்பது பவுண்டு மூட்டையைத் தோளில் ஏற்றி
ஓக் மரச் சரிவில் இறங்கும்போது
தையல் விட்ட வாய்வழியே
கழுத்துக்குள் கொஞ்சம் கொட்டும்.
வியர்வையோடு சேர்ந்து எரியும்.
மிசௌரியில் மார்ச் பிறந்தது என்று
எனக்குச் சொல்வது அந்த எரிச்சல்தான்.

இரண்டு பங்கு மாட்டு உப்பு, ஒரு பங்கு தாதுத்தூள்,
ஒரு பங்கு பாஸ்பேட்.
தீவனக் கடையில் ட்வைலா அளந்து போடுவாள்.
"இந்த வருஷமாவது கொம்பு பெரிசாகுமா, ஆர்டித்?"
எனக்கெதற்குக் கொம்பு?
துப்பாக்கி இரண்டையும்
வெர்லின் போகும்போதே கொண்டுபோய்விட்டான்.
கோழி ஆலையில் இரவு முழுக்கத்
தொடை வேறு நெஞ்சு வேறாய் அறுத்துவிட்டு வருகிறவளுக்கு
எதையாவது உயிரோடு பார்க்க வேண்டியிருந்தது.

மணல்தரை ஆகாது, மழையோடு போய்விடும்.
செங்களி வேண்டும், பிடித்ததை விடாத மண்.
ஓடைக்கு மேலே அவற்றின் தடம் இரண்டாகும் இடத்தில்
பட்டுப்போன ஹிக்கரியின் அடிக்கட்டை.
அதன் பக்கத்தில் முழங்கை ஆழம் தோண்டி
மண்ணும் உப்புமாய்ப் பிசைந்து நிரப்பி
மிச்சத்தைக் கட்டையின் தலையில் கொட்டி
மழையிடம் விட்டுவிட வேண்டும்.
ஆறு மாதம் கழித்து மறுபடியும்.
அவ்வளவுதான் வேலை.

மரத்தில் கட்டிய கேமரா சொல்லும்.
அதிகாலை மூன்று பன்னிரண்டு: சினைமான்,
கண் மூடி, கட்டையை நக்கிக்கொண்டு.
ஜூனில் அதே மான், கூடவே இரண்டு புள்ளிக்குட்டிகள்,
ஒன்றுக்கு இடது காது கிழிசல்.
ஆறு வருடத்தில் குழி தொட்டியானது,
வேர்கள் வெளியே வந்து வழவழத்தன.
உப்பு தீர்ந்தாலும் மண்ணையே தின்றன.

உப்பிட்ட கையை அவை ஒருநாளும் நினைத்ததில்லை.
என் செருப்புச் சத்தம் கேட்டால்
வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு ஓடின.
நினைத்தது உப்பை மட்டும்.
எனக்கு அது போதும்.

நவம்பரில் ஒன்று, பட்டப்பகலில்.
எலும்புக்கு மேல் போட்ட போர்வை போல் தோல்.
எச்சில் நூல் நூலாய்க்
குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.
கை தட்டினேன். பார்த்தது.
ஓட வேண்டும் என்பதை மறந்திருந்தது.
காது கிழிசலா என்று பார்த்தேன்.
இடது காதுதான்.

வனத்துறை கிம்ஸி வந்து சுட்டார்,
தொண்டைக்குள் விரல் விட்டு இரண்டு கழலைகளை அறுத்தெடுத்து
பையில் போட்டு எண் எழுதினார்.
பன்னிரண்டாம் நாள் போன்.
மூளையை ஓட்டை போடும் நோய்.
எச்சிலில் இருக்கும், மூத்திரத்தில் இருக்கும்,
மண்ணில் ஒட்டினால் வருடக்கணக்கில் சாகாது.
"களிமண்ணா?" என்று கேட்டார்.
"ஆமாம், செங்களி" என்றேன்.
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை.

இந்த மாவட்டத்தில் இனி யாரும் உப்பு வைக்கக் கூடாதாம்.
ட்வைலா மூட்டைகளைப் பின்னறைக்குத் தள்ளிவிட்டாள்.
நான் எட்டு மூட்டை மண்ணை வாரினேன்,
கட்டையைச் சங்கிலி கட்டி இழுத்தேன்,
நான்கு பக்கமும் ஆளுயரக் கம்பிவலை அடித்தேன்.
கிம்ஸி சொன்னதெல்லாம் செய்தேன்.
வாரிய மண் எங்கே போனது என்று
அவரும் சொல்லவில்லை.

கேமரா இன்னும் அங்கேதான் இருக்கிறது.
வலையைச் சுற்றிச் சுற்றி வருகின்றன,
கம்பியை நக்குகின்றன.
ஒன்று நக்கிய இடத்தை அடுத்தது.

நேற்று வேலை முடித்து
மண்வெட்டியை வாசல் தூணில் சாய்த்துவிட்டுத் தூங்கிப்போனேன்.
காலையில் அதன் மரப்பிடி
என் இரண்டு கையும் பிடிக்கிற இடத்தில் மட்டும்
ஈரமாக இருந்தது.
பனி பெய்த இரவில்லை அது.

பிளீச் கலந்த வாளியில்
பிடி கீழாக நிறுத்தி வைத்திருக்கிறேன்.
கையையும் கழுவ வேண்டும்.
இன்னும் கழுவவில்லை.